வோல்டேஜைக் குறைப்பதில் புதிதாக என்ன இருக்கிறது? பிராசசர் காப்புரிமைகளை ஆராயும் கலை

பிராசசர் ஒன்று எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. சிப்பின் மின்தேக்குத் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கம், சிப்பின் வேகத்தைக் குறிக்கும் கிளாக் அதிர்வெண் ஆகிய மூன்றையும் பெருக்கினால், டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குவதற்கான செலவு வந்துவிடும். இதில் வர்க்கம்தான் முக்கியம். 1 வோல்ட்டில் ஓடும் சிப்பை 0.8 வோல்ட்டுக்கு இறக்கினால், வேகத்தைத் தொடாமலேயே அந்தச் செலவு 64 சதவீதமாகிவிடும். வேகத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் கிட்டத்தட்டப் பாதி.

எலெக்ட்ரானிக்ஸ் படித்த யாருக்கும் இது புதிய செய்தி இல்லை. ஆனாலும் பிராசசரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முறைகளுக்குக் காப்புரிமை கேட்டு இன்றுவரை விண்ணப்பங்கள் வந்தபடியே இருக்கின்றன. அவற்றில் சில, பின்னாளில் ஒரு நாட்டின் சிறு துறைக்கான பட்ஜெட் அளவுக்கு மதிப்புப் பெறுகின்றன. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் வேக்கோ நகரில் ஒரு ஜூரி, இன்டெல் நிறுவனம் இரண்டு காப்புரிமைகளை மீறியதாக முடிவுசெய்து சுமார் 218 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அதில் 150 கோடி டாலர், மின்னழுத்தம் பற்றிய ஒரே ஒரு காப்புரிமைக்கு.

சூத்திரம் பழையது, நோக்கம் பழையது, பயனும் எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியானால் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் எதைப் புதிது என்று ஒப்புக்கொண்டு முத்திரை குத்துகிறார்? இந்தத் துறையின் காப்புரிமைகளைப் படிக்கப் படிக்க ஒன்று புலப்படும். சண்டை பெரும்பாலும் "என்ன செய்வது" என்பதில் இல்லை. எதை அளந்து, யார் கேட்டு, எந்த நிபந்தனையில் மின்னழுத்தம் மாறுகிறது என்கிற ஒற்றை வாசகத்தில்தான் எல்லாம் தொங்குகிறது.

இலவசமாகக் கிடைத்தது நின்றுபோனபோது

1993-ல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. அடுத்த ஆண்டு வந்த வடிவம் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. இன்றைய பிராசசர்கள் 1 வோல்ட்டுக்கு முன்பின்னாக, சும்மா இருக்கும் நேரத்தில் அதற்கும் நன்றாகக் கீழே ஓடுகின்றன. இந்த இறக்கத்தின் முதல் பகுதி ஏறக்குறைய தானாகக் கிடைத்தது. டிரான்சிஸ்டரின் நீள அகலங்களைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் சுருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கான மின்செலவு ஏறாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் 1974-ல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் தொழில்துறை அந்தப் பாதையிலேயே போனது.

2000-களின் நடுவில் அது முட்டிக்கொண்டு நின்றது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க வேண்டுமென்றால் டிரான்சிஸ்டர் திறந்துகொள்ளும் வரம்பையும் குறைக்க வேண்டும். அதைக் குறைத்தால், மூடியிருக்கும்போதே மின்னோட்டம் கசியும். கசிவு பெருகியதால் சிப் சுருங்கினாலும் வோல்ட் இறங்க மறுத்தது. அதன் பிறகு மிச்சம் பிடிக்க ஒரே வழி, தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் கொடுப்பது. விண்ணப்பங்கள் குவிந்ததற்கான காரணம் இதுதான். இலவசம் தீர்ந்த இடத்தில்தான் சாமர்த்தியத்துக்கு விலை வருகிறது.

அதற்கான அடித்தளம் முன்பே போடப்பட்டிருந்தது. 1995-ல் வந்த பென்டியம் புரோவில், தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று மதர்போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டருக்குச் சொல்வதற்கென்றே நான்கு பின்கள் இருந்தன. அது நிலையான எண், ஓடும்போது மாறாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றும் வேலை 2000 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. இன்டெல் தன் லேப்டாப் பிராசசர்களில் ஸ்பீட்ஸ்டெப்பை அறிமுகப்படுத்தியது. அதே மாதம் 19-ஆம் தேதி டிரான்ஸ்மெட்டா என்கிற சிறு நிறுவனம் குரூசோ பிராசசரையும், அதில் இருந்த லாங்ரன் நுட்பத்தையும் வெளியிட்டது. முதல் ஸ்பீட்ஸ்டெப்பில் இரண்டே நிலைகள்: மின்இணைப்பில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் ஓடும்போது ஒன்று. லாங்ரன்னோ பணிச்சுமையைப் பார்த்துப் பல படிகளில் ஏறி இறங்கியது.

வெளியீட்டுக்கு முந்தைய நாளான ஜனவரி 18-ல் டிரான்ஸ்மெட்டா தன் மின்செலவுக் கட்டுப்பாட்டு முறைக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் போட்டிருந்தது. ஒரு நாள் இடைவெளி என்பது சும்மா வந்ததாக இருக்காது. ஐரோப்பாவில், விண்ணப்பிக்கும் முன் நீங்களே மேடையில் சொல்லிவிட்டாலும் அது பழைய செய்திதான். உங்கள் பேச்சே உங்கள் விண்ணப்பத்தைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. அந்த விண்ணப்பம் ஆய்வில் ஆறரை ஆண்டுக்கு மேல் கிடந்து 2006 ஆகஸ்டில் காப்புரிமையானது. அந்த ஆண்டு அக்டோபரில் டிரான்ஸ்மெட்டா 10 காப்புரிமைகளை முன்வைத்து இன்டெல் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டே சமரசம்: உடனடியாக 15 கோடி டாலர், பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2 கோடி. குரூசோ சந்தையில் தோற்றுப்போன சிப். காகிதம் மட்டும் ஜெயித்தது.

பாதுகாப்பு இடைவெளிக்கான போட்டி

ஆய்வு அலுவலகத்துக்குள் போகும் முன் இன்னும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எந்த பிராசசரும் அதற்குத் தேவையான மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவதில்லை. உற்பத்தியில் ஒரு சிப் மற்றொன்றைப் போல இருக்காது, வெப்பநிலை மாறும், ஆண்டுகள் போனால் டிரான்சிஸ்டர்கள் தளரும். இவற்றைவிடத் தொல்லை, சும்மா இருந்த கோர்கள், அதாவது சிப்பின் கணக்கிடும் அலகுகள், சட்டென்று விழித்து மின்னோட்டத்தை இழுக்கும் தருணம். மின்பாதையில் உள்ள, மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் தூண்டத்தால் மின்னழுத்தம் சில நானோ விநாடிகளுக்குக் குழிவிழும். மதர்போர்டு ரெகுலேட்டர் அதை உணர்ந்து சரிசெய்வதற்குள் கணக்கு தப்பிவிடலாம். ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே வோல்ட் கொடுத்து வைக்கிறார்கள். இந்தக் கூடுதல், வர்க்கத்தின் வழியாக வெப்பமாக வீணாகிறது.

பெரும்பாலான நவீன விண்ணப்பங்கள் இந்தப் பாதுகாப்பு இடைவெளியிலிருந்து சில பத்து மில்லிவோல்ட்டை மீட்பதற்கானவை. சிப்புக்குள் வளைய அலையியற்றி என்கிற, தானே துடிக்கும் சிறு சர்க்யூட்டை வைத்து அதன் வேகத்தை அளப்பது ஒரு வழி. மிக மெதுவான மின்பாதையின் நகல் ஒன்றை வைத்து, அது தடுமாறுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. குழிவிழும்போது மின்னழுத்தத்தை ஏற்றுவதற்குப் பதிலாகக் கிளாக் துடிப்பை ஒரு கணம் நீட்டிவிடுவதும் உண்டு. ரெகுலேட்டரையே சிப்போடு சேர்த்துவிடுவது மற்றொரு பாதை. இன்டெல் 2013-ல் ஹாஸ்வெல் தலைமுறை பிராசசர்களில் அப்படிச் செய்தது, 2015-ல் ஸ்கைலேக்கில் விட்டுவிட்டது, பின்னர் ஐஸ் லேக்கில் திரும்பக் கொண்டுவந்தது.

சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகமான கேஷ் தனிப் பிரச்சினை. அதன் ஒவ்வொரு பிட்டும் வழக்கமாக ஆறு குட்டி டிரான்சிஸ்டர்களால் ஆனது. லட்சக்கணக்கான பிட்டுகளில் ஒன்று நோஞ்சானாகப் பிறந்தாலும் போதும், அந்த ஒன்று தகவலை மறக்காமல் இருக்கத் தேவையான மின்னழுத்தமே மொத்த நினைவகத்துக்கும் தரை ஆகிவிடும். கணக்கிடும் சர்க்யூட்டுகள் அதைவிடக் கீழே இறங்கத் தயாராக இருக்கும், நினைவகம் இழுத்துப் பிடிக்கும். 150 கோடி டாலர் காப்புரிமை பிறந்தது இந்த இழுபறியில்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகிறது

உலக அளவில் காப்புரிமை ஆவணங்கள் ஒரு பொது வகைப்பாட்டின்படி அடுக்கப்படுகின்றன. வழங்கு மின்னழுத்தத்தைக் குறைத்து மின்செலவை மிச்சப்படுத்தும் நுட்பங்களுக்கு ஜி06எஃப் 1/3296 என்று தனி அறை உண்டு. கிளாக்கைக் குறைப்பதற்கு பக்கத்திலேயே 1/324. ஆனால் அதே கண்டுபிடிப்பை ரெகுலேட்டரின் கோணத்திலிருந்து எழுதினால், மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவிகளுக்கான எச்02எம் வகைக்குப் போய்விடும். எழுதும் விதத்தைப் பொறுத்து, பிராசசர் கட்டமைப்பு தெரிந்த ஆய்வாளரிடமோ பவர் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடமோ கோப்பு போகும். இருவரும் தேடத் தொடங்கும் இடமே வேறு. ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரிவது மற்றவருக்குப் புதுமையாகத் தெரியலாம். விண்ணப்பம் எழுதும் வழக்கறிஞர்களுக்கு இது தெரியாதா என்ன!

ஆய்வாளரின் நேரமும் குறைவு. அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்கு, எல்லாச் சுற்றுகளும் சேர்த்து, சராசரியாக ஏறத்தாழ 20 மணி நேரம்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குள் விண்ணப்பத்தைப் படித்து, எதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் வாசகங்களான உரிமைகோரல்களைப் பிரித்து, பழைய காப்புரிமைகளையும் ஆய்வரங்கக் கட்டுரைகளையும் தேடி, நிராகரிப்புக் கடிதம் எழுதி, பதிலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தத் துறைக்கே உரிய இன்னொரு இடைஞ்சல்: தேடவேண்டிய அறிவின் பெரும்பகுதி எங்கும் எழுதப்படாதது. 2008-ல் வந்த இன்டெல் நெஹாலெமில் மின்செலவைக் கவனிப்பதற்கென்றே பத்து லட்சம் டிரான்சிஸ்டர்களுக்கு மேல் கொண்ட தனிக் கட்டுப்பாட்டுப் பகுதி இருந்தது. அதில் சொந்த ஃபர்ம்வேர், அதாவது சிப்போடு சேர்ந்தே வரும் நிரல், ஓடியது. எப்போது எவ்வளவு வோல்ட் என்கிற தீர்மானம் அந்த ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. ஆய்வாளர் சிப்பைப் பிளந்து பார்ப்பதில்லை. வெளியான ஆவணத்தில் இருப்பதுதான் அவருக்கு உலகம்.

ஒரு கற்பனை விண்ணப்பத்தின் பயணம்

நடப்பதைப் பார்க்க ஓர் உரிமைகோரலை நாமே எழுதிப் பார்ப்போம். "குறைந்தது ஒரு கோர், அதன் பணிச்சுமையைக் கண்காணிக்கும் பகுதி, பணிச்சுமை முன்கூட்டி வகுத்த வரம்புக்குக் கீழே போனால் அந்தக் கோருக்கான மின்னழுத்தத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி ஆகியவற்றைக் கொண்ட பிராசசர்." பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆய்வில் ஒரு நாள் தாங்காது.

ஆய்வாளர் சொற்களுக்கு, நியாயமாகக் கொள்ளக்கூடிய மிக அகலமான பொருளைத்தான் கொடுப்பார். "பணிச்சுமை" என்றால் எந்தச் சுமையும். "வரம்பு" என்றால் எந்த எண்ணும். 1994-லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசரும் சகாக்களும், கணினி சும்மா இருக்கும் நேரத்தைப் பார்த்து வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். லாங்ரன் போன்ற தயாரிப்புகளின் விளக்க ஆவணங்களும் இருக்கின்றன. உரிமைகோரலின் ஒவ்வொரு உறுப்பும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்துவிட்டால் புதுமை இல்லை. கதை முடிந்தது.

சரி, விண்ணப்பதாரர் திருத்துகிறார். வரம்பு நிலையானது இல்லை. குறிப்பிட்ட கால அளவில் எத்தனை முறை மின்னழுத்தம் குழிவிழுந்தது என்று எண்ணி, அதைப் பொறுத்து வரம்பே மாறும் என்று சேர்க்கிறார். இப்போது ஒரே ஆவணத்தில் முழுதும் கிடைக்காது. பணிச்சுமையைப் பார்க்கும் ஆவணம் ஒன்று, குழிகளை எண்ணும் ஆவணம் இன்னொன்று. இரண்டையும் சேர்ப்பது துறையில் கைதேர்ந்த ஒருவருக்கு இயல்பாகத் தோன்றியிருக்குமா? காப்புரிமை ஆய்வின் உண்மையான சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. மிக நெருங்கிய பழைய ஆவணத்தை எடு. அதிலிருந்து என்ன வேறுபாடு என்று பார். அந்த வேறுபாடு தீர்க்கும் தொழில்நுட்பச் சிக்கல் எது என்று எழுது. கைதேர்ந்தவர் அந்தச் சிக்கலோடு உட்கார்ந்தால் இந்தத் தீர்வுக்குப் போயிருப்பாரா என்று கேள். "போயிருக்க முடியுமா" என்பது கேள்வியே இல்லை, "போயிருப்பாரா" என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 2007-ல் உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில், தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த விதத்தில் சேர்த்து எதிர்பார்த்த பலனை மட்டும் பெற்றால் அது காப்புரிமைக்கு உரியதாக இருப்பது அரிது என்று சொன்னது. அதன் பிறகு ஆய்வாளர்களின் கை ஓங்கியது.

மின்னழுத்தத்தில் இன்னொரு வலையும் உண்டு. 0.72 முதல் 0.78 வோல்ட் வரை என்று எண்களைச் சேர்த்துத் தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கு 1980-ன் போஷ் தீர்ப்பு குறுக்கே நிற்கும். ஒரு மாறியை மாற்றினால் விளைவு மாறும் என்று முன்பே தெரிந்திருந்தால், அதன் சிறந்த அளவைச் சோதித்துக் கண்டுபிடிப்பது சாதாரண வேலை, கண்டுபிடிப்பு ஆகாது. மின்னழுத்தத்தைவிடத் தெளிவாக இந்த விவரிப்புக்குப் பொருந்தும் மாறியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அந்த எண்வரம்புக்குள் யாரும் எதிர்பாராத ஏதோ நடக்கிறது என்று அளந்து காட்டினால் மட்டும் கதவு திறக்கும்.

அப்படியானால் இந்தத் துறையில் நிஜமான கண்டுபிடிப்பு எப்படி இருக்கும்? எனக்குப் பிடித்த உதாரணம் 2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாட் ஆஸ்டின், டேவிட் பிளாவ், டிரெவர் மட்ஜ் உள்ளிட்டோர் வெளியிட்ட ரேசர். அதுவரை எல்லோரும் பிழை வராமல் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்றே யோசித்தார்கள். ரேசர் பிழை வரும்வரை இறங்கியது. கணக்கின் இடைவிடைகளைப் பிடித்துவைக்கும் முக்கியமான பதிவேடுகளுக்குப் பக்கத்தில், சற்றுத் தாமதமான கிளாக்கில் ஓடும் நிழல் பதிவேடு ஒன்றை வைத்தது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சரியான மதிப்பை நிழலிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போனது. எத்தனை பிழை என்கிற எண்ணிக்கையே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கியது. பழைய ஆவணங்கள் அத்தனையும் எதைத் தவிர்க்கச் சொன்னதோ அதையே கருவியாக்குவது. ஆய்வாளரிடம் வாதாட இதைவிட நல்ல நிலம் கிடையாது.

நம் கற்பனை விண்ணப்பத்துக்கு அந்த யோகம் இல்லை. அது இன்னும் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, "கட்டுப்பாட்டுப் பகுதி" என்கிற வார்த்தை. 2015-ன் வில்லியம்சன் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத இப்படிப்பட்ட பொத்தாம்பொதுப் பெயர்கள், வேலையைச் சொல்லி உருவத்தைச் சொல்லாத உரிமைகோரலாகக் கருதப்படலாம். அப்போது விளக்கவுரையில் அந்த வேலைக்கான அல்காரிதம் எழுதப்பட்டிருக்க வேண்டும். படத்தில் ஒரு பெட்டி வரைந்து பெயர் எழுதியிருந்தால் போதாது. இரண்டாவது, ஐரோப்பாவில் திருத்தம் என்பதே கண்ணிவெடி. முதல்நாள் தாக்கல் செய்த எழுத்திலிருந்து நேரடியாகவும் ஐயமில்லாமலும் பெறமுடியாத எதையும் பிறகு சேர்க்கக் கூடாது. குழிகளை எண்ணுவது ஒரு பக்கத்திலும் வரம்பை மாற்றுவது இன்னொரு பக்கத்திலும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருந்தால், இரண்டையும் இணைத்த திருத்தம் செல்லாது. நல்ல கண்டுபிடிப்புகள் பல இங்கே சாகின்றன.

இது வெறும் மென்பொருள் ஆயிற்றே, காப்புரிமை உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில், அருவமான யோசனையைக் கணினியில் ஓட்டினால் மட்டும் போதாது என்ற 2014-ன் ஆலிஸ் தீர்ப்பும், இந்தியாவில் கணினி நிரலை அதுவாக மட்டும் ஏற்காத காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவும், ஐரோப்பாவில் தொழில்நுட்பத் தன்மை என்கிற நிபந்தனையும் பல கணினி விண்ணப்பங்களை வாசலிலேயே நிறுத்துகின்றன. மின்னழுத்தக் கட்டுப்பாடு இவற்றைப் பெரும்பாலும் சிரமமில்லாமல் கடந்துவிடும். கடைசியில் ஒரு நிஜமான கம்பியில் நிஜமான வோல்ட் மாறுகிறதே!

373-ஆம் எண்ணின் கதை

இப்போது அந்த 150 கோடி டாலர் காப்புரிமை. எண் 7,523,373. சிப் நிறுவனமான ஃப்ரீஸ்கேல் செமிகண்டக்டர் 2006-ல் விண்ணப்பித்தது, 2009-ல் கிடைத்தது. முதல் உரிமைகோரலைச் சாதாரண மொழியில் சொன்னால்: சிப்பில் இருக்கும் நினைவகத்துக்கு மிகக் குறைந்தது எத்தனை வோல்ட் வேண்டும் என்று கண்டறிந்து, அந்த எண்ணை அழியாத நினைவகத்தில் எழுதி வை. கணக்கிடும் பகுதிக்கு ஒரு மின்னழுத்தம், அதைவிட உயர்ந்த இன்னொரு மின்னழுத்தம் என இரண்டைத் தயாராக வை. முதலாவது அந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்கும்வரை நினைவகத்துக்கும் அதையே கொடு. அந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் நினைவகத்தை இரண்டாவதற்கு மாற்று.

முன்பு பார்த்த இழுபறிக்கு நேர்த்தியான பதில் இது. கணக்கிடும் பகுதி எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். நினைவகம் தன் தரையில் நின்றுகொள்ளும். ஆனால் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மின்னழுத்தங்களுக்கு இடையே மாறுவது, குறைந்தபட்ச மின்னழுத்தத்தைச் சோதித்து அறிவது, ஓர் எண்ணைச் சேமித்து வைப்பது. தனித்தனியாக எதுவும் அதிசயம் இல்லை. சேர்க்கைதான் சொத்து.

இந்தக் காப்புரிமை கைமாறி, ஃப்ரீஸ்கேலை வாங்கிய என்எக்ஸ்பி வழியாக விஎல்எஸ்ஐ டெக்னாலஜி என்கிற நிறுவனத்திடம் வந்தது. ஃபோர்ட்ரெஸ் முதலீட்டுக் குழுமத்தோடு தொடர்புடைய இது எந்தச் சிப்பும் தயாரிப்பதில்லை. ஒரு காலத்தில் அதே பெயரில் இருந்த சிப் நிறுவனத்தின் பெயர் மட்டும் மிச்சம். வேக்கோ வழக்கில் இருந்த இன்னொரு காப்புரிமை 7,725,759, கிளாக் வேகத்தை மாற்றுவது பற்றியது. அதற்கு 67.5 கோடி டாலர்.

அமெரிக்காவில் 2012 முதல், வழங்கப்பட்ட காப்புரிமையைக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியத்திலேயே மறுபடி கேள்வி கேட்க ஒரு வழி இருக்கிறது. இன்டெல் அதை முயன்றது. ஆனால் நீதிமன்ற விசாரணை அதற்கு முன்பே வந்துவிடும் என்கிற காரணத்தைச் சொல்லி, பழைய ஆவணங்களின் வலிமையை முழுமையாக எடைபோடாமலேயே வாரியம் மனுக்களைத் திருப்பி அனுப்பியது. நீதிமன்றத்தில் ஒரு காப்புரிமையைச் செல்லாததாக்கத் தெளிவான, திடமான சான்று வேண்டும். வாரியத்திலோ பெரும்பாலும் சரி என்று தோன்றினாலே போதும். அதே ஆவணங்கள், வேறு தராசு. 759 தங்கள் பொறியாளர்கள் முன்பே செய்த வேலை என்ற இன்டெல்லின் வாதத்தை ஜூரி ஏற்கவில்லை.

அப்புறம் நடந்தது விசித்திரம். தீர்ப்பு வந்த சில வாரங்களில் ஓபன்ஸ்கை என்று ஒரு நிறுவனம் முளைத்தது. இன்டெல் முன்பு போட்ட மனுக்களைப் பெரும்பாலும் அப்படியே நகலெடுத்து வாரியத்தில் தாக்கல் செய்தது. இன்னொரு புது நிறுவனமும் 373-க்கு எதிராக வந்தது. அலுவலகத்தின் அப்போதைய தலைவர் கேத்தி விடால், இரு தரப்பிடமும் பணம் பெறும் நோக்கில் ஓபன்ஸ்கை இந்த நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்ததாக 2022-ல் கண்டித்தார். ஆனால் விசாரணையை நிறுத்தவில்லை. இன்டெல் அதில் சேர்ந்துகொண்டது. 2023 மே மாதம் 759, ஜூன் மாதம் 373: கேள்விக்குள்ளான உரிமைகோரல்கள் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்று வாரியம் முடிவுசெய்தது. 373-ல் காரணம், பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் இயல்பாகத் தோன்றக்கூடியது என்பதே.

அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேக்கோ தீர்ப்பையும் பிரித்துப் போட்டது. 373-ஐ இன்டெல் மீறியது என்பதை உறுதிசெய்தது. ஆனால் 150 கோடியைக் கணக்கிட்ட முறையில் பிழை என்று சொல்லி இழப்பீட்டை மறுவிசாரணைக்கு அனுப்பியது. 759-ல் மீறலே இல்லை என்றது. அங்கே விவகாரம், கிளாக் வேகத்தை மாற்றும் கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது. உரிமைகோரலின்படி ஒரு கருவி கோரிக்கை அனுப்ப வேண்டும், கட்டுப்படுத்தி அதைக் கேட்க வேண்டும். இன்டெல்லின் வடிவமைப்பில் அந்த முடிவு மின்செலவுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் எடுக்கப்படுகிறது. எங்கே வைத்தாலும் ஒன்றுதான், வடிவமைப்பாளரின் விருப்பம் என்ற வாதம் போதாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். 67.5 கோடி டாலர், "யார் கேட்கிறார்" என்கிற ஒற்றை வாசகத்தில் காணாமல் போனது.

373-ஐ அனுமதித்த ஆய்வாளரைக் குறைசொல்வது எளிது. நான் சொல்லமாட்டேன். அவரிடம் இருந்தது சில பத்து மணி நேரம். வாரியத்தில் அதே கேள்வியை எழுப்பியவர்களிடம் நிபுணர்களும் வழக்கறிஞர் படையும் இருந்தார்கள், எதைத் தேடவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. கோளாறு வேறு இடத்தில்: அத்தனை குறைந்த நேரத்தில் எடுத்த முடிவுக்கு நீதிமன்றம் அவ்வளவு உயர்ந்த மதிப்புக் கொடுப்பதில்.

இனி வரும் கோப்புகள்

இப்போது வரும் விண்ணப்பங்களில் நிபந்தனை வாசகத்தையே இயந்திரக் கற்றலிடம் ஒப்படைக்கும் போக்கு தெரிகிறது. அடுத்த சில மைக்ரோ விநாடிகளில் சுமை எப்படி இருக்கும் என்று பயிற்றுவித்த மாதிரி கணிக்கும். அதற்கேற்ப வோல்ட் மாறும். பழைய கேள்வி புது உடையில் வருகிறது. கைதேர்ந்த ஒருவர் இதைப் படித்துத் தானே செய்து பார்க்க முடியுமா? ஐரோப்பிய மேல்முறையீட்டு வாரியம் டி 161/18 முடிவில், நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்திய ஒரு மருத்துவ அளவீட்டு விண்ணப்பத்தை, பயிற்சிக்கு எப்படிப்பட்ட தரவு பொருத்தம் என்று விளக்கவில்லை என்பதற்காக நிராகரித்தது. துறை வேறு, தர்க்கம் அப்படியே பொருந்தும். எந்த வகைப் பணிச்சுமைகள், எத்தனை மாதிரிச் சிப்புகள், எந்த வெப்பநிலை வரம்பு என்று எழுதாமல் "பயிற்றுவித்த மாதிரி" என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் அங்கேயே பிடிப்பார்.

எழுதிக் கொடுத்தால் போட்டியாளர் படிப்பார். அவர் அதையே தன் ஃபர்ம்வேரில் வைத்து ஓட்டினால் வெளியிலிருந்து நிரூபிப்பதும் பெரும்பாடு. அதனால் விண்ணப்பிக்காமல் வர்த்தக ரகசியமாகப் பூட்டி வைப்பது நிறுவனத்துக்கு அறிவான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அப்படிப் பூட்டியது எந்தத் தேடலிலும் அகப்படாது. நாளை வேறொருவர் அதே யோசனையோடு வந்தால், ஆய்வாளர் நேர்மையாகத் தேடி, எதுவும் கிடைக்காமல், அவருக்குக் காப்புரிமையை வழங்குவார்.